வீட்டுக்கு ஒரு சர்வர்!

சகோதரிகளே, உங்கள் வீட்டில் மஞ்சள் பை ஒன்று இருக்கிறதா? பீரோவின் மேல் தட்டிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். பத்து வருஷத்து மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், எக்ஸ்ரே, ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் அதற்குள் திணித்து வைத்திருப்போம். "பழைய ரிப்போர்ட் இருக்கா?" என்று டாக்டர் கேட்டால் மேசைமேல் கொட்டுவோம். ரேஷன் ரசீதும் பஸ் டிக்கெட்டும் கூடவே விழும். வேண்டிய காகிதம் மட்டும் வராது!

இப்போது காகிதத்தில் பாதி செல்போனுக்குப் போய்விட்டது. ஆனால் குழப்பம் தீர்ந்ததா? சர்க்கரை ரிப்போர்ட் வீட்டுக்காரர் போனில். ஸ்கேன் படம் மகன் போனில். மகன் கோயமுத்தூரில். போன் கைதவறித் தொட்டியில் விழுந்தால் அத்தனையும் போச்சு. ஒரு மஞ்சள் பை நாலு மஞ்சள் பையாகப் பிரிந்ததுதான் மிச்சம்.

இதற்கு நான் எங்கள் வீட்டில் செய்திருக்கும் ஏற்பாட்டைத்தான் இந்த முறை எழுதுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் 'ஃபைல் சர்வர்' அமைப்பது. பெயரைக் கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் என் தங்கை மகள் இரண்டு சாயங்காலம் கூட உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

சர்வர் என்றால் யார்?

ஓட்டலில் சர்வர் என்ன செய்கிறார்? நாம் கேட்டதைச் சமையல்கட்டிலிருந்து கொண்டுவந்து வைக்கிறார். சாப்பிட்ட தட்டை எடுத்துப் போகிறார். நாமாக உள்ளே போய்ப் பானையைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் சர்வரும் இதே வேலைதான் செய்கிறது. போனிலிருந்து ஒரு ஃபைலைக் கேட்டால் எடுத்துத் தரும். கொடுத்தால் வாங்கி உள்ளே வைக்கும். யாருக்கு எதைத் தரலாம் என்று நாம் சொல்லி வைத்தபடி நடக்கும்.

இப்படி ஃபைலைக் கேட்கவும் கொடுக்கவும் ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். அதற்கு எஃப்.டி.பி. என்று பெயர். இதில் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இரண்டு தடம் உண்டு. ஒன்றில் "இது வேண்டும், அது வேண்டும்" என்ற பேச்சு மட்டும் நடக்கும். இன்னொன்றில் சாமான் வரும், போகும். ஆர்டர் எடுப்பவர் ஒருவர், தட்டு தூக்குபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதை முதலில் எழுதியவர் நம் நாட்டுக்காரர் என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து 1965-ல் வெளிவந்தவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இருந்தபோது, 1971 ஏப்ரல் 16-ஆம் தேதியிட்ட குறிப்பில் இந்த முறையை எழுதினார். அப்போது கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளப் பிறந்ததுதான் இது. 1985-ல் திருத்தி எழுதிய விதிகள்தான் இன்றும் அடிப்படை.

ஆய்வுக்கூடம் என்றதும் எங்கள் ஊர்ப் பேச்சு வருகிறது. எங்கள் பொட்டிப்புரம், தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது ஊர்ப் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிறகு எதிர்ப்பு, வழக்கு என்று வருஷங்கள் ஓடின. ஆய்வகம் வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்காகப் பிறந்த எஃப்.டி.பி. மட்டும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது!

வாட்ஸ்அப் போதாதா?

எங்க வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். போதாது. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். கல்யாணப் படத்துக்கு அது பரவாயில்லை. ரிப்போர்ட்டில் பொடி எழுத்தில் இருக்கும் 1.1-ஐ 1.7 என்று படித்தால் என்ன ஆவது? 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் சுருங்காது. ஆனால் பண்டிகை வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு வருஷம் கழித்து அதைத் தேடி எடுங்கள் பார்க்கலாம்! வீட்டு சர்வருக்குப் போகும் படம் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும். வீட்டு வைஃபைக்குள்ளேயே போவதால் டேட்டா செலவாகாது. வெளியே இன்டர்நெட் அறுந்து கிடந்தாலும் வேலை செய்யும்.

ஈ.சி.ஜி. தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் மாமியாருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றார்கள். ஜீப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒரு மாற்றம் தெரியுதும்மா. இது புதுசா, முன்னாடியே இருந்ததா? பழைய ஈ.சி.ஜி. இருந்தா சொல்லிரலாம்" என்றார். இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் வெள்ளைத் தாள்! கோடு ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். செலவை விடுங்கள். "ஏத்தா, எனக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறீகளே" என்று அத்தை கேட்டபோது பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

பல ஈ.சி.ஜி. தாள்கள் சூட்டினால் எழுத்து விழும் தாள்கள். மருந்துக்கடை பில்லும் அந்த ஜாதிதான். வெயில், சூடு, சிலவகைப் பிளாஸ்டிக் உறை மூன்றும் அதற்கு ஆகாது. மெல்ல மெல்ல எழுத்து மறைந்துவிடும். ஆகவே ஈ.சி.ஜி. எடுத்த அன்றைக்கே நல்ல வெளிச்சத்தில், மடிப்பில்லாமல் விரித்துப் படம் எடுத்துவிட வேண்டும். தாளைக் காகித உறையில் போடுங்கள்.

ஸ்கேன் சி.டி.யும் அப்படித்தான். இப்போது வரும் லேப்டாப் பலவற்றில் சி.டி. போடும் இடமே கிடையாது. சி.டி. போடும் கம்ப்யூட்டர் இருக்கும்போதே உள்ளே இருப்பதை முழுசாகக் காப்பி எடுத்து வையுங்கள். ஒரு படத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதில் நூற்றுக்கணக்கான துண்டுப் படங்களும், அவற்றை வரிசையாகக் காட்டும் அட்டவணை ஃபைலும் சேர்ந்திருக்கும். ஒன்று குறைந்தாலும் டாக்டரால் சரியாகத் திறக்க முடியாமல் போகலாம்.

தேவையானவை

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று. பழையதானாலும் பரவாயில்லை. வைஃபை ரவுட்டர் ஒன்று. 'ஃபைல்ஜில்லா சர்வர்' என்ற இலவச மென்பொருள். நோட்டுப் புத்தகம், பேனா. ஒரு விஷயம்: விண்டோஸ் 10-க்குக் கம்பெனி கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. உங்களுடையது அதுவானால், தெரிந்த பிள்ளையைக் கேட்டு விண்டோஸ் 11-க்கோ, இலவசமான லினக்ஸுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்வது விண்டோஸுக்கு.

செய்முறை

1. கம்ப்யூட்டரில் 'வீட்டுக் காகிதம்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் ஆளுக்கு ஒன்றாக உள் ஃபோல்டர்கள் போடுங்கள்.

2. ஃபைல்ஜில்லா சர்வரை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு இடத்தில் எடுத்தால் வேண்டாத சரக்கும் கூட வரும். நிறுவும்போது நிர்வாகிக்கான பாஸ்வேர்டு கேட்கும். வெறுமையாக விடாதீர்கள். 'விண்டோஸுடன் தானாகத் தொடங்கு' என்ற பொருளில் வருவதைத் தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டரைப் போட்டதும் சர்வரும் எழுந்துவிடும்.

3. மேலே 'சர்வர்' மெனுவில் 'கான்ஃபிகர்' என்று இருக்கும். அதற்குள் 'சர்வர் லிஸனர்ஸ்' பகுதியில் 21 என்ற எண் தெரியும். எஃப்.டி.பி.யின் வாசல் எண் அது. பக்கத்தில் உள்ள பட்டியலில் 'ரிக்வயர் எக்ஸ்ப்ளிசிட் எஃப்.டி.பி. ஓவர் டி.எல்.எஸ்.' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை மறக்கவே கூடாது. 1971-ல் இதைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அதனால் பழைய எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு போஸ்ட் கார்டில் எழுதினதுபோல் திறந்தே போகும். டி.எல்.எஸ். போட்டால் ஒட்டிய கவருக்குள் போகும்.

4. 'யூசர்ஸ்' பகுதியில் ஆட்களைச் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், பாஸ்வேர்டு. 'மவுன்ட் பாயின்ட்ஸ்' என்ற இடத்தில் அவர் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், பார்க்க மட்டுமா, போடவும் செய்யலாமா என்று குறிக்க வேண்டும்.

5. 'பேஸிவ் மோட்' பகுதியில் 50000 முதல் 50100 வரை என்று எண் கொடுங்கள். தட்டு தூக்குபவர் வந்துபோகும் வாசல்கள் இவை. விண்டோஸ் ஃபயர்வாலில் 21-க்கும் இந்த எண்களுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதற்கு மட்டும் கொடுங்கள். வீட்டு வைஃபையும் 'பிரைவேட்' என்று குறித்திருக்கிறதா பாருங்கள்.

6. வீட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு ஒரு கதவு எண் உண்டு. 192.168 என்று தொடங்கும். ரவுட்டர் அதை அவ்வப்போது மாற்றிவிடலாம். மாறாமல் இருக்க, ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' செய்யச் சொல்லுங்கள். எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

7. போனில், எஃப்.டி.பி.யின் டி.எல்.எஸ். வசதி உள்ள ஃபைல் மேனேஜர் ஒன்றைப் போட்டு, கதவு எண், பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் ஃபோல்டர் தெரியும். முதல் தடவை 'இந்தச் சான்றிதழ் தெரிந்ததா?' என்று கேட்கும். நம் சர்வரே தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது. வீட்டில் உட்கார்ந்து செய்யும்போது, கம்ப்யூட்டரில் தெரியும் நீள எண்ணும் போனில் தெரிவதும் ஒன்றுதானா என்று பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.

பிரவுசரில் முகவரியைத் தட்டிப் பார்த்து, 'வரவில்லையே' என்று சோர்ந்துவிடாதீர்கள். குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-லேயே எஃப்.டி.பி.யைக் கைவிட்டுவிட்டன. இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க 'ஃபைல்ஜில்லா கிளையன்ட்' என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு எந்தச் சாவி?

இதுதான் பெண்களாகிய நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். எல்லாருக்கும் எல்லாச் சாவியும் கொடுத்துவிடுவது சுலபம். ஆனால் வயசுப் பெண்ணின் கர்ப்பப்பை ஸ்கேனை வீட்டுக்கு வரும் சித்தப்பாவும் மாமாவும் பார்க்க வேண்டுமா? மாதவிடாய்க் கோளாறுக்கு எடுத்த பரிசோதனை, சம்பந்தம் பேசும் இடத்தில் வேறு கதையாக முளைப்பதை நாம் பார்க்காததா? மருமகளின் கருச்சிதைவுச் சீட்டும் அப்படித்தான். அது அவளுடையது. அவளாகச் சொன்னால் ஒழிய, வீட்டுப் பொதுச் சொத்து ஆகாது.

அத்தை, வீட்டுக்காரர் ரிப்போர்ட்டுகளை அவர்கள் சம்மதத்துடன் வீட்டில் எல்லாரும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். ராத்திரி அவசரத்துக்கு யாரானாலும் எடுக்க வேண்டுமே. என் மகளின் ஃபோல்டர் அவளுக்கும் அவள் கேட்டபடி எனக்கும் மட்டும். என்னுடையது என்னிடம். "எனக்குக் கூடவா காட்டக்கூடாது?" என்று எங்க வீட்டுக்காரர் சிரித்தார். "கேளுங்க, காட்டுறேன்" என்றேன்! கேட்டு வாங்குவதற்கும் தானாக எடுத்துப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

இன்னொன்று: நிர்வாகி பாஸ்வேர்டு வைத்திருப்பவர் எல்லாப் பூட்டையும் திறக்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவரும் ஃபோல்டரை நேராகத் திறந்துவிடலாம். அதனால் கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்டு போடுங்கள். அமைத்துக் கொடுத்த பிள்ளை போன பிறகு நிர்வாகி பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். வீடு கட்டிக் கொடுத்த கொத்தனாரிடம் சாவியை விட்டுவைப்போமா?

தெருக்கதவைத் திறக்காதீர்கள்

"ரவுட்டரில் ஒரு எண்ணைத் திறந்துவிட்டால் கோயமுத்தூரிலிருந்தே எடுக்கலாம்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். அப்படித் திறந்த வாசல்களை உலகம் முழுவதும் தானியங்கி மென்பொருள்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. மகனுக்கு வேண்டியதை அவன் கேட்கும்போது நான் எடுத்து 'டாக்குமென்ட்'டாக அனுப்புகிறேன். வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் வி.பி.என். என்ற மூடிய பாதையை, அது தெரிந்தவர்களை வைத்து அமைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குள் மட்டும்தான் என்றால் ஆஸ்பத்திரியில் என்ன செய்வது? கடைசி ஈ.சி.ஜி., சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாத மருந்தின் பெயர் மூன்றையும் சர்வரிலிருந்து எடுத்து இரண்டு பேர் போனில் வைத்திருக்கிறோம். மாத்திரைப் பட்டியல் ஒரு தாளில் அத்தையின் சுருக்குப்பையிலும் இருக்கிறது. போன புரட்டாசியில் அத்தைக்கு மறுபடி படபடப்பு வந்தபோது, டாக்டர் போனில் இருந்த பழைய ஈ.சி.ஜி.யையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் செய்தார். "பழைய மாற்றம்தாம்மா, புதுசா ஒண்ணும் இல்லை" என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார். அத்தைக்கு அந்த ஒரு வார்த்தையே பாதி மருந்து.

சில குறிப்புகள்

* ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். '2025-09-28 அத்தை ஈ.சி.ஜி.' என்பதுபோல. தானாகவே கால வரிசையில் நிற்கும்.

* எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள்.

* படம் எடுத்தாச்சே என்று காகிதத்தையும் பிலிமையும் தூக்கி எறிய வேண்டாம். மூலப் பிரதியைக் கேட்கும் இடங்கள் உண்டு.

* கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். அவரவர் போனிலிருந்து அந்த வாரத்துக் காகிதத்தை அனுப்பிவிட வேண்டும். கால் யூனிட் கரண்டுகூட ஆகாது.

* கரண்ட் நின்று நின்று வரும் ஊர்களில் யு.பி.எஸ். இல்லாமல் பெரிய ஃபைல் அனுப்பாதீர்கள். பாதியில் நின்ற ஃபைல் திறக்காது. அனுப்பியதும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

* சர்வரில் போட்டதாலேயே பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு. அமாவாசைக்கு அமாவாசை ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, அதற்கும் பாஸ்வேர்டு போட்டு, சின்னமனூரில் என் அம்மா வீட்டுப் பெட்டியில் வைக்கிறேன். இங்கே இடி விழுந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

சகோதரிகளே, வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எந்த வருஷம் ஆபரேஷன் என்பதெல்லாம் இத்தனை காலமும் நம் தலைக்குள்தான் இருந்தது. நாமே படுத்துவிட்டால் நமக்காக அதைச் சொல்ல ஆள் கிடையாது. இந்த ஏற்பாட்டின் பெரிய பலன் அதுதான் என்பேன். கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் இன்றைக்கே ஒன்று செய்யலாம். மஞ்சள் பையை இறக்கி, ஈ.சி.ஜி. தாள்களைத் தேடி எடுங்கள். கோடு இன்னும் தெரிகிறதென்றால், அழிவதற்குள் படம் எடுத்துவிடுங்கள்.